மறு: இரண்டு படங்களுக்கு நடுவில் வரும் கதைக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். 'இன்டர்குவெல்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட மடலையும் அதற்கு வந்த பதில்களையும் ஒரே மூச்சில் படித்தேன். இடைக்கதை, நிரப்புக்கதை, பாலக்கதை, இடைச்செருகல் என்று நான்கு சொற்கள் தேறியிருக்கின்றன. சொல்லுக்குள் போகும் முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்த வகைக் கதைக்குள் ஒரு கிடுக்கிப்பிடி இருக்கிறது. அது சொல்லில் தெரியாவிட்டால் புதுச்சொல்லே தேவையில்லை, 'கதை' என்றே எழுதிவிடலாம்.

ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் பட வரிசையையே எடுத்துக்கொள்கிறேன். அதில் அத்தியாய எண்கள் கதைக்கால வரிசைப்படி, படங்கள் வெளியான வரிசைப்படி அல்ல. குளோன் போர் என்ற பெயர் 1977இல் வந்த முதல் படத்திலேயே பேச்சுவாக்கில் வந்துவிடுகிறது. 2002இல் வந்த இரண்டாம் அத்தியாயம் அந்தப் போர் தொடங்குவதோடு முடிகிறது. 2005இல் வந்த மூன்றாம் அத்தியாயம் திறக்கும்போது போர் முடியப்போகிறது. இத்தனை வருடம் பேரைச் சொல்லி ஆசைகாட்டிய போரின் நடுப்பகுதி, கதைக்கணக்கில் மூன்று ஆண்டு, திரைப்படங்களில் இல்லை. அந்த இடத்தில்தான் அசைவூட்ட (அனிமேஷன்) தொடர்கள் புகுந்தன. முதலில் கெண்டி டார்டகோவ்ஸ்கி 2003 முதல் 2005 வரை செய்த 25 பகுதிகள். முதல் இருபதும் ஆளுக்கு மூன்று நிமிட அளவுதான். பிறகு 2008இல் தொடங்கி, நின்று நின்று ஓடி, 2020இல் முடிந்த நீளத் தொடர்.

முன்கதை எழுதுகிறவருக்கு ஒரு பக்கம்தான் சுவர். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் முடிவானது, எங்கிருந்து தொடங்குவது என்பது அவர் விருப்பம். நடுவில் எழுதுகிறவருக்கோ முன்னாலும் சுவர், பின்னாலும் சுவர். மூன்றாம் அத்தியாயத்தில் நாயகன் அனகினும் எதிரிப் படைத்தலைவன் ஜெனரல் கிரீவஸும் பேசிக்கொள்வதைக் கவனித்தால், ஒருவரை ஒருவர் அப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள் என்பது தெரியும். விளைவு, 2008 தொடரில் இருவரும் எதிரெதிர்ப் படைகளில் சண்டை போட்டுக்கொண்டே இருந்தும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. சந்திக்கவும் இல்லை.

அசோகா கதை இதைவிடச் சுவையானது (பேரரசர் அல்ல, அனகினின் மாணவி). 2008இல் அறிமுகமானாள். 2005 படத்தில் அவள் பெயர்கூடக் கிடையாது, அப்போது அவள் பிறக்கவே இல்லையே! ஆகவே அவள் என்ன ஆகப்போகிறாள் என்பதைவிட, மூன்றாம் அத்தியாயத்தில் ஏன் காணோம் என்பதுதான் ரசிகர்களை ஆண்டுக்கணக்கில் குடைந்தது. ஐந்தாம் பருவத்தின் கடைசியில் அவள் ஜெடாய் என்ற வீரர் அமைப்பை விட்டே வெளியேறினாள். ஒரு ஓட்டையை அடைக்க வந்த தொடர் தானே இன்னொரு ஓட்டையைப் போட்டு, அதையும் அடைத்துக்காட்டியது. என் கணக்கில் அந்தத் தொடரின் உச்சம் அதுதான்.

சரி, சொற்கள்.

> நிரப்புக்கதை

அனிமே ரசிகர்கள் 'ஃபில்லர்' என்று திட்டுவதற்கு இந்தச் சொல்லை ஒதுக்கிவைக்கலாம். மூலக்கதை நகராமல் ஒப்பேற்றும் பகுதிகளுக்குக் கனகச்சிதமாகப் பொருந்தும். அப்புறம், 'இட்டுநிரப்புவது' என்றால் நம் காதில் கொஞ்சம் ஏளனமாகத்தான் விழுகிறது.

> இடைச்செருகல்

வேண்டவே வேண்டாம். அது பாடபேத ஆய்வுச் சொல். யாரோ பின்னால் வந்து மூலத்துக்குள் கள்ளத்தனமாக நுழைத்த பாட்டு என்று பொருள். இங்கே நுழைப்பவர்கள் உரிமைக்காரர்களே. ஒரு வேடிக்கை: டார்டகோவ்ஸ்கியின் தொடர் 2014இல் அதிகாரபூர்வக் கதைவரிசையில் இருந்து நீக்கப்பட்டது. அதற்கு வேண்டுமானால் இந்தச் சொல் பிற்பாடு பொருந்தியிருக்கலாம்!

> பாலக்கதை

கேட்டதும் பாலகனின் கதை என்று தோன்றுகிறது. விட்டுவிடுவோம்.

> இடைக்கதை

நான்கில் நல்லது இதுதான். தயக்கம் ஒன்றே: 'இடையில் வரும் கதை' என்றால் பெருங்கதைக்கு உள்ளேயே வரும் கிளைக்கதையும் அதில் அடங்கிவிடும். ஒரு படைப்புக்குள் இருப்பதும், இரண்டு படைப்புகளுக்கு நடுவில் இருப்பதும் ஒன்றல்ல.

நான் முன்வைப்பது 'ஊடுகதை'. ஊடுபயிரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைப் பயிர் இருந்தால்தான் ஊடுபயிர். அதுவும் தனியே முளைத்துத் தனியே விளைச்சல் தரும், வரிசைகளுக்கு நடுவில் உள்ள இடத்தை மீறவும் செய்யாது. காடு, காட்டுக்கோழி ஆவது போல இது ஊட்டுக்கதை ஆகாதா என்று இலக்கணம் கேட்பவர்களுக்கு: ஊடுபயிர், ஊடுகதிர் ஆகியவை இரட்டிக்காமலும் ஒற்று மிகாமலும்தான் வழங்குகின்றன. அதே வழியில் ஊடுகதை.

சொல்லுக்குள் 'தொடர்' என்பதையோ 'அசைவூட்டம்' என்பதையோ நுழைக்க வேண்டாம். 2016இல் வந்த ரோக் ஒன் நடிகர்கள் நடித்த முழுநீளப் படம். அதுவும் மூன்றாம் அத்தியாயத்துக்கும் 1977 படத்துக்கும் நடுவில் நடப்பதுதான். பிளேட் ரன்னர் வரிசையில் 2017இல் வந்த அசைவூட்டப் படம் கால் மணி நேரக் குறும்படம். வடிவம் எதுவானாலும் இடம் ஒன்றே.

அன்புடன்.

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

ஊடுகதை என்றதும் எனக்குத் தலைவன் தலைவி ஊடல்தான் நினைவுக்கு வந்தது. பழகினால் போய்விடும் என்று நம்புகிறேன். இரண்டு ஐயங்கள்.

ஒன்று, டார்டகோவ்ஸ்கி தொடங்கிய 2003இல் மூன்றாம் அத்தியாயம் வந்திருக்கவில்லை. பின்சுவரே எழும்பாதபோது அது ஊடுகதையா, வெறும் தொடர்ச்சியா? இரண்டு, 2020இல் முடிந்த தொடரின் கடைசி நான்கு பகுதிகள் மூன்றாம் அத்தியாயம் நடக்கும் அதே வேளையில் வேறிடத்தில் நடப்பவை. அவற்றை எதில் சேர்ப்பது?

மறுமொழி:

அம்மா, ஊடல் தீரும், கவலை வேண்டாம்.

முதல் ஐயம் என்னை அரைநாள் அலைக்கழித்தது. பார்வையாளருக்குத்தான் படம் வரவில்லை, செய்தவர்களுக்குப் போக வேண்டிய இடம் தெரிந்தே இருந்தது. 2005 மார்ச்சில் வந்த கடைசிப் பகுதியில் ஜெடாய் வீரர் மேஸ் விண்டு கிரீவஸின் நெஞ்சை நசுக்குகிறார். இரண்டு மாதம் கழித்து வந்த படத்தில் கிரீவஸ் இருமிக்கொண்டே திரிகிறார், காரணம் படத்தில் இல்லை. படம் வரும் முன்பே அந்தச் சுவருக்கு அளவெடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அனகின் கடைசியில் டார்த் வேடர் என்ற வில்லன் ஆவான் என்பதோ 1980லேயே உடைந்த ரகசியம். ஆகவே வெளியான வரிசையைப் பார்க்காமல் கதைக்காலத்தை வைத்தே வரையறுக்கிறேன்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வது சரி. அந்த நான்கு பகுதிகளும் ஊடுகதை அல்ல, 'இணைகதை'. ஒரே தொடர் ஊடுகதையாக ஓடி இணைகதையாக முடியலாம். மேட்ரிக்ஸ் வரிசையில் 2003இல் வந்த ஒன்பது குறும்படத் தொகுப்பிலும் இப்படித்தான்: ஒன்று இரண்டாம் படத்துக்கு வாசலாக இருக்கிறது, வேறு சில இயந்திரங்கள் எப்படி ஆட்சிக்கு வந்தன என்ற முன்கதை. தொகுப்பு முழுவதற்கும் ஒரே முத்திரை குத்த முடியாது.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

ஊடுகதை (பெ.): ஒரே கதையுலகைச் சேர்ந்த இரண்டு படைப்புகளின் நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நடக்கும் தனிப் படைப்பு. ஒப்பிடுக: முன்கதை, இணைகதை.

'சீக்குவெல்' என்பதற்கு எதிரே 'இரண்டாம் பாகம்' என்றே இப்போதைக்கு இருக்கட்டும். 'பின்கதை' என்று போடலாம் என்று பார்த்தால், பலரும் அதைப் பின்னணிக்கதை என்ற பொருளில் எழுதுகிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.