மெஷினில் 0.02 காட்டுகிறது, ஆனால் டிவி படம் மட்டும் உடைகிறது. எங்கே தப்பு?

கேள்வி (பல்லடம்):
வணக்கமுங்க. தாராபுரம் ரோட்டில் போன வாரம் ஜேசிபி எங்கள் 12 கோர் பைபர் கேபிளை (உள்ளே 12 கண்ணாடி இழை) அறுத்துவிட்டது. நடுவில் 150 மீட்டர் புதுக் கேபிள் போட்டு, இரண்டு பக்கமும் ஜாயின்ட் அடித்தேன். இழை ஒட்டும் மெஷின் எல்லாக் கோருக்கும் ஒளி இழப்பு 0.02 டிபிக்குள்தான் என்று காட்டியது. ஆனால் மஞ்சள் கோர் போகும் வீடுகளில் இன்டர்நெட் நன்றாக ஓடுகிறது, டிவி படம் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. கடைசி ஜாயின்ட்டை மூன்று தடவை வெட்டி ஒட்டிவிட்டேன். போன் வந்துகொண்டே இருக்கிறது. வழி சொல்லுங்க.

பதில் (சோமனூர்):
ஆடிக் காற்றில் திறந்தவெளியில் ஒட்டினீர்களா? பக்கத்தில் தறி ஓடினால் பஞ்சு பறந்து வந்து மெஷினில் இழையை வைக்கும் வி வடிவப் பள்ளத்தில் உட்காரும். ஒரு இழை பஞ்சு போதும், 125 மைக்ரான் கண்ணாடி இழை தூக்கிக்கொண்டு நிற்கும். ஆல்கஹால் தொட்டுப் பள்ளத்தைத் துடையுங்கள். நான் எப்போதும் வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஒட்டுவேன்.

கேட்டவர்:
அதெல்லாம் செய்துவிட்டேன் அண்ணா. வெட்டுக் கோணமும் அரை டிகிரிக்குள்தான் இருக்கிறது.

பதில் (பெருந்துறை):
தம்பி, மெஷினை விடுங்க. விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இன்டர்நெட் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இறங்கி 1310-ல் ஏறுகிறது. டிவி வருவது 1550-ல். அலைநீளம் கூடக் கூட, வளைவில் ஒளி அதிகமாகக் கசியும். ஓடிடிஆரில் (ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து இழப்பை அளக்கும் கருவி) 1310, 1550 இரண்டிலும் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு இழப்பு என்றால் ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம். 1550-ல் மட்டும் எகிறினால் இழை எங்கோ மடங்கிக் கிடக்கிறது.

மெஷின் ஒளியை அனுப்பி அளப்பதில்லை. கேமராவில் தெரியும் இழையின் படத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். அதன்பின் ஜாயின்ட் பாக்ஸுக்குள் இருக்கும் ட்ரேயில் இழையை நீங்கள் எப்படிச் சுற்றுகிறீர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

கேட்டவர்:
அண்ணா, 1310-ல் 0.09, 1550-ல் 2.3! பொழுது சாய்ந்ததும் பாக்ஸைத் திறந்து சிவப்பு லேசர் பேனா அடித்தேன். ஒட்டிய இடத்தை மூடும் ஸ்லீவை விட்டு இழை வெளியே வரும் இடத்தில் கங்கு மாதிரி ஒளிர்ந்தது. முதல் நாளே மூடியின் கொக்கியில் மாட்டியிருக்கிறது. நான் வெட்ட வெட்ட நீளம் குறைந்து, லூப் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இறுகிவிட்டது. வெளியே சுற்றி வைத்த உபரிக் கேபிளை இழுத்து, ஒரு மீட்டருக்கு மேல் இழை விட்டு மறுபடி ஒட்டினேன். டிவி வந்துவிட்டது. ஆனால் இப்போது 1310, 1550 இரண்டிலுமே 0.17 காட்டுகிறது. திரும்ப வெட்டட்டுமா?

பதில் (பெருந்துறை):
வெட்டாதீங்க! புதுக் கேபிள் ஜி.657 என்ற வளைவு தாங்கும் இழை ரகமாக இருக்கும். பழைய ஜி.652 ரகத்தை விட அதில் ஒளி பரவும் வட்டம் கொஞ்சம் சிறியது, அதனால் ஓடிடிஆருக்குத் திரும்பி வரும் ஒளி கூடுதல். புதியதிலிருந்து பழையதுக்குப் போகும்போது இழப்பு மிகையாகத் தெரியும், எதிர்ப்பக்கம் லாபம் மாதிரி காட்டும். மறுமுனையிலிருந்தும் அளந்து, கூட்டிப் பாதியாக்குங்கள். லூப்பின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

கேட்டவர்:
மறுமுனையில் மைனஸ் 0.11. சராசரி 0.03 தாண்ணா. பாக்ஸை மூடிவிட்டேன். நாளைக் காலையில் முதல் ஜாயின்ட் பாக்ஸையும் திறந்து, கொக்கியில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.