பொது நகவெட்டி: தாடையை மட்டும் மாற்றினால் போதுமா?

கருக்கரிவாள்:
பக்கத்து விவாத இழையில் கொங்குத்தச்சன் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "முதியோர் இல்லத்துக்கும் விடுதிக்கும் பொது நகவெட்டி வேண்டுமென்றால் தாடை இரண்டை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் பொதுவாக இருக்கலாம்." நகவெட்டியைக் கழற்றிப் பார்த்தவர் இப்படி எழுதமாட்டார். வெட்டும் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், இரண்டு தாடையையும் துளைத்துக்கொண்டு நிற்கிறது நடு ஆணி. நகத்தூள் தாடைகளுக்கு நடுவே விழுந்து அந்த ஆணியைச் சுற்றித்தான் அப்பிக்கொள்கிறது. ஈரம் பட்டால் இன்னும் மோசம். புதுத் தாடையைச் செருகும்போது அதே ஆணி அதன் துளைக்குள் நுழைகிறது. முன்னவருடைய தூள் உள்ளே போய்விட்டது. பிறகு எதற்கு மாற்றினீர்கள்?

ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். நகப் பூஞ்சையின் வித்துகள் தூளுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். முழு நகவெட்டியும் ஒரே ஆளோடு முடிந்து குப்பைக்குப் போக வேண்டும். ஆணியும் சேர்த்து.

கொங்குத்தச்சன்:
நான் எழுதினதுல பாதியை வெட்டிப் போட்டுட்டு வம்புக்கு வர்றீங்க. தாடைன்னு நான் சொன்னது கடையில தொங்குற நகவெட்டியோட தாடை இல்லைங்க. 420 ரக ஸ்டெயின்லெஸ் பட்டை, 0.8 மி.மீ. தடிமன். அதை 'ப' மாதிரி மடிச்சு, முனை ரெண்டையும் உள்பக்கம் வளைக்கணும். 1000 டிகிரிக்கு மேல சூடாக்கிக் கடினப்படுத்தி, 200 டிகிரி வாக்குல பதம் இறக்கினா கடினம் ராக்வெல் அளவுல 50 கிட்ட நிக்கும். அப்புறம் விளிம்பைத் தீட்டணும். சுத்தி ஏபிஎஸ் பிளாஸ்டிக் உறை, தூள் அதுக்குள்ளயே தங்கிடும். கைப்பிடி வெளியில இருந்து அமுக்குற இடுக்கி. ஆணி தாடையைத் தொடவே தொடாது. கழட்டுறப்ப உறையோட கொக்கி ஒடைஞ்சிடும், மறுபடி மாட்ட முடியாது. சலூன்ல பாதி பிளேடு மாத்துறாங்களே, அந்தக் கணக்குதான்.

கருக்கரிவாள்:
இடுக்கிக்கு ஆணி இல்லையா? ஆணி இல்லாமல் இடுக்கி எதில் திரும்பும்? இடத்தை மாற்றி வைத்துவிட்டு ஆணியே இல்லை என்கிறார்.

சலூன் கத்தியைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் பேனாவிலும் இதே நியாயத்தைத்தான் பேசினார்கள், ஊசியை மாற்றினால் போதும் என்று. அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் ஹெபடைடிஸ் பி பரவிய பிறகு, 2010-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் நோய்த்தடுப்பு மையமான சிடிசியும் சேர்ந்து சொன்னது என்ன? ஊசியை மாற்றினாலும் ஒருவருக்குப் பயன்படுத்திய பேனாவை இன்னொருவருக்குப் பயன்படுத்தாதே என்பதுதான். இன்று வார்டுகளில் ஊசி தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், மொத்தமாகத் தூக்கி எறியும் கருவி இருக்கிறது. நகவெட்டிக்கும் அதுவே வழி.

வார்டுசெவிலி:
இரண்டு பேரும் முதலில் ஒன்று சொல்லுங்கள். ஒருமுறைப் பயன்பாடு என்றால் ஒரு விரலுக்கா, ஒரு ஆளின் இருபது விரலுக்குமா, ஒரு ஆளுக்கு அவர் அங்கே இருக்கும் காலம் முழுக்கவா? கிருமிநீக்கம் செய்து உறையிட்டதா, சுத்தமானது என்றால் போதுமா? இதைத் தீர்க்காமல் ஆணியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கொங்குத்தச்சன்:
பேனாவோட மூடி விரல் மேல ஒட்டி அழுத்துது, ரத்தம் அங்க தெறிக்குது. என் கைப்பிடி விரலுக்குப் பக்கத்துலயே வராது. ரெண்டும் ஒண்ணா?

சரி, உங்க முழு நகவெட்டி எதுல செய்வீங்க? அதைச் சொல்லுங்க பார்ப்போம்.

கருக்கரிவாள்:
சொல்கிறேன். கண்ணாடி இழை 30 சதவீதம் கலந்த நைலான் உடல். வார்க்கும்போதே அச்சுக்குள் இரண்டு எஃகுத் துண்டுகளை வைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் விளிம்பு மட்டும் போதாது: கைநகம் அரை மி.மீ. வரும், கால்நகம் 1 மி.மீ.யைத் தாண்டும், பூஞ்சை பிடித்தது இன்னும் தடிக்கும். நெம்புகோல் அசிட்டல் என்ற பிளாஸ்டிக், வழுக்கும் தன்மை இருப்பதால். ஒரு நகத்துக்கு மூன்று நான்கு வெட்டு, இருபது விரலுக்கு 60 முதல் 80 வெட்டு. அவ்வளவு தாங்கினால் போதும் என்பதால் முலாம் வேண்டாம், மெருகு வேண்டாம். உறையிட்டு, கிருமிநீக்கத்துக்கு 25 கிலோகிரே அளவு காமா கதிர். முடிந்தது.

கொங்குத்தச்சன்:
அசிட்டலைக் காமாவுல காட்டுறாராம்! கதிர் பட்டா அசிட்டலோட சங்கிலி அறுந்து நொறுங்கிப் போகும்ங்க. மோல்டிங் பட்டறையில மொத வருசம் நிக்கிற பையனுக்கும் தெரியும். நெம்புகோல் ரெண்டாவது வெட்டுல ஒடிஞ்சு பாட்டி கண்ணுல தெறிக்கும். இவரு எனக்கு ஆணி சொல்லித் தர்றாரு.

கருக்கரிவாள்:
காமா வேண்டாமென்றால் எத்திலீன் ஆக்சைடு வாயு. எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பேச்சு அதுவல்ல, ஆணி. உங்கள் இடுக்கியின் ஆணி எங்கே இருக்கிறது? இரண்டு முறை கேட்டாயிற்று.

பழையபேட்டை:
எதுக்கு இவ்வளவு பிளாஸ்டிக் குப்பை? முழுக்க ஸ்டெயின்லெஸ் நகவெட்டி இருபது வாங்கி, தினமும் குக்கர்ல போட்டு எடுங்க. குண்டு போட்ட குக்கருக்குள்ள 120 டிகிரி வருது. ஸ்பிரிட் துடைச்சாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வார்டுசெவிலி:
ஸ்பிரிட் துடைத்தால் தீராது, ஐயா. காய்ந்த இரத்தத்தின் மேல் ஆல்கஹாலை ஊற்றினால் அதன் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும், அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. முதலில் சோப்புத்தண்ணீரில் பிரஷ் போட வேண்டும், தாடையைத் திறந்து வைத்து. ஹைப்போகுளோரைட் என்ற பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டால் துரு பிடிக்கும். குக்கரில் உள்ளே இருந்த காற்று முழுக்க வெளியேறாவிட்டால் அந்த 120 டிகிரி கணக்கு நிற்காது, வெந்ததா என்று காட்டும் நிறப்பட்டையும் கிடையாது. ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமிநீக்கும் கருவியில், 121 டிகிரி என்றால் உறையிட்டு 30 நிமிடம், காற்றை உறிஞ்சும் ரகத்தில் 134 என்றால் 3 முதல் 4 நிமிடம், பிறகு உலர்த்தல்.

பழையபேட்டை:
குக்கர்ல காத்து போறதுக்குத்தான் மேடம் ஆவி வந்தப்புறம் குண்டு போடறோம். சமையல் தெரியாதவங்க கருத்து சொல்லக் கூடாது.

வார்டுசெவிலி:
சமையலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. துணியில் சுற்றிய கருவிக்குள் சிக்கிய காற்றைச் சொன்னேன். ஊசிமுனை வெட்டும் கருவி பற்றிய முந்தைய இழையிலும் இப்படித்தான் திசை மாற்றினீர்கள்.

கொங்குத்தச்சன்:
மேடம் சொல்றதுல ஒண்ணு என் பக்கம் வருது. கழுவுறதுக்கு ஆள் இல்லாத இடத்துக்குத்தான் உறை போட்ட தாடை.

வார்டுசெவிலி:
உங்கள் பக்கமும் வரவில்லை. தாடையைக் கழற்றினால்தானே கொக்கி உடையும்? கழற்றாமலே அடுத்த கட்டிலுக்குப் போனால்? காலையில் இருபது பேருக்கு நகம் வெட்ட வேண்டிய ஆயா கழற்றவே மாட்டார். கருக்கரிவாளின் முழு நகவெட்டிக்கும் இதே கதிதான், அது 80 வெட்டில் நின்றுவிடாது. ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு போல இதைச் செய்ய முடியாது, 80 முறை அழுத்த வேண்டுமே. எண்ணிப் பூட்டும் ஏற்பாடு யாரிடம் இருக்கிறது?

கருக்கரிவாள்:
எண்ணிப் பூட்டப் பல்சக்கரம் வேண்டும், அதைத் தடுக்கும் நாக்கு வேண்டும், அது சுழல இன்னொரு ஆணி வேண்டும். தூள் சேர இன்னொரு இடம்.

வார்டுசெவிலி:
மொத்தமாகத் தூக்கி எறிவது உங்கள் நகவெட்டி. அதில் தூள் எங்கே சேர்ந்தால் என்ன?

கருக்கரிவாள்:
நான் கொங்குத்தச்சனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கொங்குத்தச்சன்:
ஆணி கைப்பிடியோட பின்பக்கம் இருக்குங்க. விளிம்புல இருந்து 60 மி.மீ. தள்ளி. போதுமா?

கருக்கரிவாள்:
60 மி.மீ. தள்ளியா! ஆணியில் நூலளவு ஆட்டம் இருந்தாலும் முனையில் அது பெருகும். இரண்டு விளிம்பும் நேருக்கு நேர் முட்டாது, நகம் வெட்டுப்படாமல் கிழியும். கிழிந்த ஓரம் சதையை இழுக்கும், இரத்தம் வரும். சர்க்கரை நோயாளியின் கால்விரலில் இது நடந்தால் என்ன ஆகும் என்று செவிலியம்மாவைக் கேளுங்கள். தொற்றைத் தடுக்க வந்த கருவி புண்ணை உண்டாக்குகிறது.

கொங்குத்தச்சன்:
விளிம்பை நேரா வெக்கிறது 'ப' மடிப்பு, இடுக்கி இல்லை. இடுக்கி அமுக்க மட்டும்தான். உறைக்குள்ள ரெண்டு பக்கமும் வழிகாட்டி வரம்பு இருக்கு. படிக்காம பதில் எழுதாதீங்க.

பழையபேட்டை:
இந்த உறையும் எஃகும் ஒட்டின சாமானை எந்தத் தொட்டியில போடுவீங்க? சிவப்பா, வெள்ளையா?

வார்டுசெவிலி:
மருத்துவமனை என்றால் வெள்ளை. 2016 உயிரிமருத்துவக் கழிவு விதிப்படி கூர்மையான உலோகமெல்லாம் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குத்தான் போகும். பிரித்து எடுக்கிறேன் என்று யாரும் கையை விடக் கூடாது.

கருக்கரிவாள்:
தொட்டியைப் பிறகு பார்க்கலாம். வழிகாட்டி வரம்பு என்கிறார். மடித்த பட்டையைக் கடினப்படுத்தும்போது அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பட்டையை ஏபிஎஸ் வரம்பு நேராக்குமா? எஃகை பிளாஸ்டிக் வளைக்குமா? ஆணிப் பக்கத்துக் குறுக்குவெட்டுப் படம் போடுங்கள், ஆணியின் விட்டம், துளையின் விட்டம் இரண்டும் குறித்து.

கொங்குத்தச்சன்:
கடினப்படுத்தினப்புறம் தீட்டணும்னு முதல் பதிவுலயே எழுதியிருக்கேன். படம் போடறேன். நீங்க அசிட்டல் நெம்புகோலுக்குப் படம் போடுங்க, எந்த வாயுவுல எத்தனை மணி நேரம்னும் சேர்த்து.

கருக்கரிவாள்:
முதலில் ஆணி.