கோவை ஜி.சி.டி-யா, வேலூர் வி.ஐ.டி-யா: பெயருக்கு இருபது லட்சம் தகுமா?

பாளையங்கோட்டை அப்பா:
வணக்கம். மகளுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 191, பி.சி. பிரிவு. அரசு கவுன்சலிங்கில் கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியான ஜி.சி.டி-யில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) கிடைக்கும்போல் தெரிகிறது. இன்னொரு பக்கம் தனியார் பல்கலைக்கழகமான வேலூர் வி.ஐ.டி-யில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ரேங்க் பின்னால் போகப் போகக் கூடுகிற கட்டணத்தில் நான்காவது பிரிவு. ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்தால் நான்கு ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாம் "வி.ஐ.டி-ன்னா கெத்து" என்கிறார்கள். என் தம்பி மட்டும் "காசு கட்டினா கிடைக்கிற சீட்டுக்கு என்ன கெத்து?" என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்டிப் பழசு:
தம்பி சொல்வதுதான் சரி. வி.ஐ.டி. 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாக 180 மாணவர்களோடு ஆரம்பித்தது. 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நான் படித்த கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. ஜி.சி.டி. சுதந்திரத்துக்கு முன்பே, 1945-இல் வந்தது. அரசுத் துறையில், பொதுத்துறை நிறுவனங்களில் எந்தப் பெரிய நாற்காலியைப் பார்த்தாலும் இந்தக் கல்லூரிகளின் ஆள் ஒருவர் இருப்பார். விளம்பரப் பலகை வைத்து வாங்க முடியாத பெயர் அது.

காட்பாடிக்காரன்:
அண்ணே, 1794-ஐச் சொல்லியே எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியல், 2024, பொறியியல் பிரிவு: வி.ஐ.டி. 11-ஆவது இடம். எஸ்.ஆர்.எம். 13. உங்கள் கிண்டிக் கல்லூரி அடங்கிய அண்ணா பல்கலைக்கழகம் 14. நான் வி.ஐ.டி-யில் படித்தவன். எந்தப் பாடத்தை எந்த ஆசிரியரிடம், எந்த நேரத்தில் படிப்பது என்று மாணவனே தேர்ந்தெடுக்கிற முறை அங்கே உண்டு. பதிவு திறக்கும் காலையில் ஹாஸ்டல் முழுக்க லேப்டாப்போடு உட்கார்ந்திருப்போம். நன்றாக நடத்துகிறவருடைய வகுப்பு சில நிமிடங்களில் நிரம்பிவிடும். யார் நன்றாக நடத்துகிறார் என்பது நிர்வாகத்துக்கும் அன்றைக்கே தெரிந்துவிடும். உங்கள் கல்லூரியில் பிடிக்காத புரொபசர் வந்தால் ஆறு மாதம் தலையெழுத்து என்று உட்கார வேண்டியதுதானே?

கிண்டிப் பழசு:
அந்தப் பட்டியல் எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா தம்பி? கற்பித்தலுக்கும் வசதிக்கும் 30, ஆய்வுக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, அனைவரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, மற்றவர்களின் கருத்துக்கு 10. அரசுக் கல்லூரியில் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் வைத்தால் முதல் முப்பதில் அடி விழும். தனியார் இடங்கள் ஆளை எடுத்து, கட்டுரை எழுதச் சொல்லி, இரண்டாவது முப்பதில் ஏறிவிடுவார்கள். ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பாடம் நடக்குமா?

ஓரமாய் ஒருவன்:
கட்டுரை என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இளநிலை மாணவர்களைத் தேர்வு போல உட்கார வைத்துக் கட்டுரை எழுதவைத்து, அவற்றில் தங்கள் பழைய கட்டுரைகளையே மேற்கோள் காட்டி எண்ணிக்கையை ஏற்றிய கதையை 2023-இல் 'சயின்ஸ்' இதழ் விரிவாக எழுதியது. வி.ஐ.டி. அல்ல, வேறு இடம். ஆனால் தரவரிசை எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் ஒருமுறை தேடிப் படியுங்கள்.

காட்பாடிக்காரன்:
வேறு இடம் செய்ததற்கு நாங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? தனியார் என்றாலே சந்தேகம் என்றால் பிட்ஸ் பிலானியை என்ன செய்வீர்கள்? அதுவும் தனியார்தான், 1964-லிருந்து நிகர்நிலை. அதற்கு மட்டும் மதிப்பு எங்கிருந்து வந்தது?

கிண்டிப் பழசு:
நல்ல கேள்வி, நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். பிட்ஸில் பெரும்பாலோருக்கு நுழைவுத் தேர்வுதான் வழி. தேர்வில் பின்தங்கியவன் அதே படிப்புக்குக் கூடுதலாகக் கட்டி உள்ளே வர முடியாது. வி.ஐ.டி-யில் தரவரிசையைப் பொறுத்து ஐந்து கட்டணப் பிரிவு. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச், ஒரே புரொபசர். இந்தப் பக்கம் இருப்பவன் முதல் பிரிவு, அந்தப் பக்கம் இருப்பவன் ஐந்தாம் பிரிவு, இவன் கட்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கட்டியிருப்பான். 'ரேங்க் பின்னால் போனால் பரவாயில்லை, பர்ஸைத் திற' என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். கடைசிப் பிரிவு திறந்திருக்கும் வரை 'கஷ்டப்பட்டு உள்ளே வந்தேன்' என்று முழுசாகச் சொல்ல முடியாது. அந்தச் சொல்தானே கல்லூரியின் கெத்து?

காட்பாடிக்காரன்:
டிகிரி சர்ட்டிஃபிகேட்டில் கட்டணப் பிரிவு அச்சாகாது. வேலைக்கு எடுப்பவன் மொத்த மதிப்பெண் சராசரியான சி.ஜி.பி.ஏ.தான் கேட்பான். இன்னொன்றும் சொல்லுங்கள்: தமிழ்நாட்டு மாவட்டங்களின் கிராமப்புற அரசுப் பள்ளிகளிலிருந்து மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று எடுத்து, கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசமாகப் படிக்க வைக்கிற 'ஸ்டார்ஸ்' திட்டமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

செல்வி டீச்சர்:
அந்தத் திட்டம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாவட்டத்துக்கு இரண்டு பேர். அரசு கவுன்சலிங்கில் 69 சதவீத இடஒதுக்கீடு, அதற்குள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சலிங்குக்கே வெளியே நிற்கின்றன. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜி.சி.டி. கைக்கு எட்டுகிற கனவு. வி.ஐ.டி. பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்கிற கட்டடம். ஒரு கல்லூரியின் மதிப்பை எண்ணும்போது அது யாரையெல்லாம் உள்ளே விடுகிறது என்பதையும் எண்ண வேண்டாமா?

ஆளெடுப்பவன்:
பதினைந்து ஆண்டாகச் சென்னையில் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கிறேன். மதிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், எங்களுக்கு அது ரொம்ப வறண்ட விஷயம். ஒரே பயணத்தில் நூற்றுக்கணக்கானவர்களைத் தேர்வு எழுத வைக்க முடிகிற வளாகத்துக்கு முதலில் போவோம். வி.ஐ.டி. அந்த வகை, ஆகவே கம்பெனிகள் நிறைய வரும், அது நிஜம். ஆனால் வருகிற கம்பெனிகள் எல்லாம் எல்லோருக்குமாக வருவதில்லை. அங்கே மாணவர்கள் வாயில் 'டிரீம்', 'சூப்பர் டிரீம்' என்று சம்பளத்தை வைத்துப் பெயர் புழங்கும். பேனரில் ஏறுவது உச்சத்தில் இருக்கிற நாலைந்து பேர் வாங்கிய தொகை. மொத்தமாக ஆளெடுக்கிற பெரிய ஐ.டி. நிறுவனங்களின் ஆரம்பச் சம்பளம் வி.ஐ.டி-யிலும் அதேதான், உங்கள் ஊர்க் கல்லூரியிலும் அதேதான்: ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றி.

சார், நீங்கள் ஒன்று செய்யுங்கள். என்.ஐ.ஆர்.எஃப்-இல் பங்கெடுக்கும் ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த தகவல் தாள் பொதுவில் கிடைக்கும். ரேங்கை விட்டுவிட்டு அந்தத் தாளைத் திறங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்பு, இடைநிலைச் சம்பளம் (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது) எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். சராசரியைப் பார்க்காதீர்கள். ஒரு கோடி வாங்கிய ஒருவன் சராசரியைத் தூக்கிவிடுவான், இடைநிலையை அவனால் அசைக்க முடியாது.

அப்புறம் கடன் கணக்கு. இருபது லட்சம், பத்து சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதம் ஏறத்தாழ 26,000. மூன்றரை லட்சம் சம்பளக்காரர் கைக்கு வருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

காட்பாடிக்காரன்:
கடன் என்றதால் ஒன்று. பி.எம். வித்யாலட்சுமி திட்டம், 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. என்.ஐ.ஆர்.எஃப்-இல் முதல் நூறுக்குள் வருகிற கல்லூரிகளில் சேர்பவர்களுக்குச் சொத்துப் பத்திரமும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். தனியாருக்கும் உண்டு. நீங்கள் கிண்டலடிக்கிற அதே ரேங்க்தான் வங்கி மேனேஜர் முன்னால் உட்காரும்போது வேலை செய்கிறது.

கிண்டிப் பழசு:
பத்திரம் கேட்காவிட்டாலும் கடன் கடன்தானே தம்பி. ஜி.சி.டி-க்குக் கடனே வேண்டாம்.

ஓரமாய் ஒருவன்:
கிண்டி அண்ணன் ஒன்றை வசதியாக விட்டுவிட்டார். இது இ.சி.இ-க்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் உள்ள வித்தியாசமும்தான். அந்தப் பெண்ணுக்குக் கோடிங் பிடிக்கும் என்றால் வெறும் கல்லூரிப் பெயரை வைத்து ஜி.சி.டி-யில் தள்ளுவதும் தப்பு.

பாளையங்கோட்டை அப்பா:
எல்லோருக்கும் நன்றி. மகளிடமே கேட்டேன். இ.சி.இ. வந்தால் போவாளாம், மெக்கானிக்கல் என்றால் வேண்டாமாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் முதல் ஆசை, ஆனால் அந்த மாதத் தவணையைச் சொன்னதும் அவளே கால்குலேட்டரை எடுத்தாள். ஆளெடுப்பவன் சார் சொன்ன தாளை இரவு இருவரும் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். கவுன்சலிங் சுற்று முடிவு வரும் முன் வி.ஐ.டி-க்கு முன்பணம் கட்டிவிட்டு, பிறகு வேண்டாமென்றால் எவ்வளவு திரும்பும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிண்டிப் பழசு:
கட்டுவதற்கு முன்னால் திருப்பித் தரும் விதியையும் கடைசித் தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி-க்கு இதற்கென்று விதி உண்டு, அதைக் காட்டிப் பேசுங்கள். இந்த ஒரு விஷயத்தில் காட்பாடித் தம்பியும் என்னோடு ஒத்துப்போவார்.

காட்பாடிக்காரன்:
இதில் மட்டும்.