வங்கிப் பரீட்சைக்குச் சுருக்கம் எழுதப் பழகுவது எப்படி?

உப்புவெளி வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். ஏஎல் (உயர்தரம்) கொமர்ஸ் முடித்துவிட்டு இப்போது வங்கி ஆட்சேர்ப்புப் பரீட்சைக்குப் படிக்கிறேன், தமிழ் மொழிமூலம். நுண்ணறிவும் கணக்கும் பரவாயில்லை, பழைய வினாத்தாள் செய்யச் செய்ய வேகம் வந்துவிட்டது. இடிக்கிற இடம் மொழித் தாளில் வரும் சுருக்கம்தான். மூன்றில் ஒரு பங்காக்கு என்கிறார்கள், எண்ணிக்கையும் ஏறக்குறைய சரியாக வருகிறது, ஆனால் எழுதினதை வாசித்தால் தந்தி அடித்த மாதிரி இருக்கிறது. ரியூசனில் முக்கியமான வசனங்களுக்குக் கீழே கோடு போட்டு அவற்றைச் சேர்த்து எழுதச் சொன்னார்கள். அப்படித்தான் செய்கிறேன்.

பயிற்சிக்கு எடுத்த பந்தி இது, 90 சொல்:

"வங்கியில் வைப்பிலிடும் ஒருவர் தனது பணம் எப்போதும் பத்திரமாக இருக்கும் என்று நம்பியே அங்கு போகிறார். அந்த வங்கி ஒருநாள் முறிந்துவிட்டால், ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் அதோடு போய்விடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவினால், நல்ல நிலையில் உள்ள வங்கியின் வாசலிலும் கூட்டம் கூடிவிடும். எல்லோரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது, ஏனென்றால் வைப்பில் பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். இதைத் தடுக்கவே பல நாடுகள் வைப்புக் காப்புறுதித் திட்டத்தை வைத்திருக்கின்றன. இலங்கையில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டத்தின்கீழ், உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் முறிந்தால் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு கிடைக்கும். இதனால் சிறு வைப்பாளர்கள் அச்சமின்றி இருப்பார்கள். வங்கி முறைமையும் எளிதில் நிலைகுலையாது."

நான் எழுதியது, 31 சொல்:

"வங்கியில் வைப்பிலிடுபவர் பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறார். வங்கி முறிந்தால் பணம் போய்விடுமோ என்ற அச்சம் எழும். அச்சம் பரவினால் கூட்டம் கூடிவிடும். பல நாடுகள் வைப்புக் காப்புறுதி வைத்திருக்கின்றன. இலங்கையில் 2010இல் தொடங்கியது. 11 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும்."

இதில் என்ன குறை என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். பரீட்சை வர முன்னம் இதைத் திருத்திவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கியாளர்:

பிள்ளை, பந்தியையும் உங்கள் விடையையும் சேர்த்துப் போட்டது நல்லது, அப்போதுதான் பேச முடியும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். மூலப் பந்தியின் உயிர் எங்கே இருக்கிறது? "ஏனென்றால் வைப்பில் பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும்" என்கிற இடத்தில். நல்ல வங்கிகூட ஏன் ஆட்டம் காணும் என்பதற்கு அதுதான் காரணம், காப்புறுதி ஏன் வேண்டும் என்பதும் அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் 31 சொல்லில் அது இல்லை. கூட்டம் கூடிவிடும் என்று நிறுத்திவிட்டீர்கள், எந்த வாசலில், கூடினால் என்ன கெடும் என்பதெல்லாம் விடுபட்டுப்போனது. அடுத்த வசனம் பல நாடுகளுக்குத் தாவுகிறது. கடைசி வசனத்தில் யாருக்கு 11 இலட்சம், எப்போது கிடைக்கும் என்பதே இல்லை, பந்தியைப் பார்க்காத ஒருவர் அதைச் சீட்டிழுப்புப் பரிசு என்றும் நினைக்கலாம். வசனங்களைக் கத்தரித்தால் இப்படித்தான் வரும், ஏனென்றால் ஒரு வசனத்தை அடுத்ததோடு கட்டியிருக்கிற காரணம்தான் முதலில் அறுந்து விழுகிறது.

நான் இந்த ஊர்க் கிளைகளில் கடன் பிரிவில் இருந்தவன். ஒரு கடன் கோவை கையளவு தடிப்பில் இருக்கும், காணி உறுதி, மதிப்பீட்டு அறிக்கை, வருமானக் கணக்கு, பழைய கடிதங்கள் எல்லாம் அதற்குள். அனுமதிக்கிற மேலதிகாரி அதை முழுவதும் வாசிக்க மாட்டார், நாங்கள் மேலே வைக்கிற ஒரு பக்கக் குறிப்பைத்தான் வாசிப்பார். அந்த ஒரு பக்கத்தில் மீன்பிடிப் படகுக்குக் கடன் கேட்கிறவரின் பிணையைப் பற்றி எழுதிவிட்டு, கடல் கொந்தளிக்கிற வாடைக்காலத்தில் அவர் தவணையை எதிலிருந்து கட்டுவார் என்பதை விட்டுவிட்டால் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோசனம் இல்லை. வங்கிகள் இந்தக் கேள்வியைப் பரீட்சையில் வைப்பது சும்மா இல்லை.

இப்போது இப்படிச் செய்து பாருங்கள். பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள், பேனாவைத் தொடாமல். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தப் பந்தி என்ன சொல்கிறது என்று பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்வதுபோல் வாயால் சொல்லுங்கள். வாய் தடுமாறுகிற இடத்தில் உங்களுக்குப் பந்தி விளங்கவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் திரும்பிப் பாருங்கள். வாயில் வந்ததைத்தான் எழுத வேண்டும். நான் எழுதினால் இப்படி வரும், 30 சொல்:

"வங்கி முறியும் என்ற அச்சம் பரவி எல்லோரும் ஒன்றாகப் பணம் கேட்டால், வைப்புகளைக் கடனாகக் கொடுத்துள்ள நல்ல வங்கியும் தள்ளாடும். இதைத் தடுக்கும் வைப்புக் காப்புறுதி, இலங்கையில் 11 இலட்சம் ரூபாய் வரை ஈடுசெய்து, சிறு வைப்பாளரையும் வங்கி முறைமையையும் காக்கிறது."

மூலத்தின் முதல் வசனம் முழுவதும் போய்விட்டது, "சிறுகச் சிறுகச் சேர்த்த" என்பதும் போய்விட்டது. அவை வாசகரை உள்ளே கூட்டிவர எழுதியவை, வாதத்துக்கு வேண்டியவை இல்லை.

கிண்ணியா ரீச்சர்:

ஐயா சொன்னது சரி, ஆனால் கோடு போடுவதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். பரீட்சை மண்டபத்தில் மணி ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு ஒரு பிடி வேண்டும். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வசனங்களுக்குக் கோடு போடாதே, ஆனால், ஆகவே, ஏனென்றால், இதனால், இருப்பினும் என்ற சொற்களைச் சுற்றி வட்டம் போடு. தங்கச்சியின் பந்தியில் "ஏனென்றால்", "இதைத் தடுக்கவே", "இதனால்" மூன்றுக்கும் வட்டம் போட்டாலே எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

இலக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதிகமான பிள்ளைகள் புள்ளி இழக்கிற இடம் அது. ஐயா 2010ஐ விட்டார், 11 இலட்சத்தை வைத்தார். ஏன்? அந்த எல்லைதான் இது *சிறு* வைப்பாளருக்கான பாதுகாப்பு என்று காட்டுகிறது. தொடங்கிய வருடம் இந்த வாதத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. ஆனால் வேறு பந்தியில் வருடமே உயிராக இருக்கும். மத்திய வங்கி 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின்கீழ் 1950இல் தொடங்கியது, 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது என்று ஒரு பந்தி போனால் அங்கே 1949உம் 2023உம் இல்லாமல் சுருக்கவே முடியாது.

எங்கள் ஊர் விஷயத்திலேயே பழகுங்கள், சலிப்பு வராது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களை, அதுதான் அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளை, எடுங்கள். பிரித்தானியர் காலத்தில் கட்டியவை, இப்போது 99 இருக்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் தாக்கின. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 14 குதங்கள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் போக, மீதி 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு, அதிலே கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். இதையே வைத்து ஒரு பந்தி யுத்தகாலத் துறைமுகத்தைப் பற்றி எழுதினால் 1942 நிற்கும், 14, 24, 61 போய்விடும். உடன்படிக்கையில் யாருக்கு என்ன கிடைத்தது என்று எழுதினால் 1942ஐ அழிக்கலாம், அந்த மூன்று இலக்கத்தில் ஒன்றைத் தவறவிட்டாலும் சுருக்கம் பிழை. எது முக்கியம் என்பதை இலக்கம் தீர்மானிப்பதில்லை, பந்தி எதை நிறுவப் பார்க்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

அப்புறம், உங்கள் சொந்தக் கருத்து ஒரு சொல்கூட வரக்கூடாது. எல்லை 11 இலட்சம் போதாது என்று உங்களுக்குத் தோன்றலாம், அதைக் கட்டுரைக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூதூர் தம்பி:

அக்கா, நானும் இதே வழியில் போகிறேன், ஆங்கிலத்திலும் பழகுகிறேன். பயிற்சிக்குப் பந்தி கிடைக்கவில்லை என்றால் மத்திய வங்கியின் நாணயக் கொள்கை மீளாய்வு அறிக்கைகளை எடுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வெளியிடுகிறார்கள். முதல் பந்தியில் எடுத்த முடிவும் அதற்கான காரணமும் சுருக்கமாக வந்துவிடும். அதை ஒரு தாளால் மூடிவிட்டு மீதியை வாசித்து நீங்களே சுருக்குங்கள், பிறகு தாளை எடுத்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டி வீதம், பணவீக்கம் என்று அந்தச் சொற்களும் கைக்கு வந்துவிடும், நேர்முகப் பரீட்சைக்கும் உதவும்.

ஆங்கிலத்துக்கு இந்திய ரிசர்வ் வங்கி அதிகாரிகளை எடுக்கிற கிரேட் பி பரீட்சை வினாத்தாள்களையும் பார்க்கலாம். அவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் எழுத்துத்திறன் தாள் ஒன்று, 90 நிமிடம், 100 புள்ளி, கட்டுரையும் சுருக்கமும் வாசித்து விடையளிப்பதும் அதற்குள், எல்லாம் கீபோர்டில் தட்ட வேண்டும். எங்கள் பரீட்சை அந்த மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஆனால் பந்திகள் பொருளாதாரம், நிதி சார்ந்து வருவதால் பழக நல்லது.

தாளில் எழுதுவதானால் ஒரு வரியில் உங்கள் கையெழுத்துக்கு எத்தனை சொல் வரும் என்று முதலே பார்த்து வையுங்கள். மண்டபத்தில் ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், வரியை எண்ணினால் போதும்.

உப்புவெளி வாசகி:

மூவருக்கும் மெத்தப் பெரிய நன்றி. ஐயா, அந்த 30 சொல்லையும் என் 31 சொல்லையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், காரணம் விடுபட்ட இடம் இப்போது நன்றாகத் தெரிகிறது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. தலைப்புப் போட வேண்டுமா?

கிண்ணியா ரீச்சர்:

கேள்வியில் கேட்டால் போடுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். இந்தியாவில் மத்திய அரசுப் பணிக்கான யூபிஎஸ்சி பரீட்சையின் கட்டாய ஆங்கிலத் தாளில் தலைப்புக் கொடுக்க வேண்டாம் என்று கேள்வியிலேயே போட்டிருப்பார்கள், அங்கே போட்டால் அறிவுறுத்தலை வாசிக்கவில்லை என்றுதான் திருத்துபவர் நினைப்பார். கேட்டிருந்தால் சுருக்கத்தை எழுதி முடித்த பிறகு யோசியுங்கள், முதலில் வேண்டாம். உங்கள் பந்திக்கு "வங்கிகள்" என்றோ "வைப்புக் காப்புறுதி" என்றோ போட்டால் அது எந்தப் பந்திக்கும் பொருந்தும். "வைப்புக் காப்புறுதியின் தேவை" என்று போடுங்கள்.