அக்குமுலேட்டர் போட்டும் வண்டி தூக்கிப் போடுதா? ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் அனுபவங்கள்

பம்புக்காரன்:
சமீபத்தில் ஒரு வண்டி வந்தது. மூலைக்கு ஒரு சிலிண்டர், புது பம்பு, கண்ணைப் பறிக்கிற குழாய் வேலை. அக்குமுலேட்டர் (உள்ளே நைட்ரஜன் அடைச்ச கலம், ஆயில் வந்து அமுக்கினா ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரியும்) போட்ட பிறகும் கட்டைவண்டி மாதிரி தூக்கிப் போடுதுன்னு ஓனருக்கு வருத்தம். அடியில் படுத்துப் பார்த்தா, அக்குமுலேட்டர் பம்புக்கும் செக் வால்வுக்கும் (ஆயிலை ஒரே பக்கமா மட்டும் விடுறது) நடுவில் இருக்கு! பம்பு ஓடும்போது நிரம்பும், நின்னதும் செக் வால்வு மூடிக்கும். அப்புறம் சக்கரம் மேட்டில் ஏறினா சிலிண்டரில் இருக்கிற ஆயிலுக்குப் போக்கிடம் ஏது? ஆயில் அமுங்காது. அமுங்க வேண்டியது நைட்ரஜன், அதுவோ மூடின வால்வுக்கு அந்தப் பக்கம்.

செக் வால்வு, டம்ப் வால்வு (வண்டியை இறக்க ஆயிலைத் திரும்ப டேங்குக்கு விடுறது) ரெண்டையும் தாண்டி, சிலிண்டர் பக்கமா டீ (மூணு வழி இணைப்பு) போட்டு மாத்தினோம். வேற எதையும் தொடலை. வண்டி மிதக்க ஆரம்பிச்சிடுச்சு. எந்த அக்குமுலேட்டர் நல்லதுன்னு எல்லாரும் கேக்கிறாங்க, எங்க வைக்கணும்னு ஒருத்தரும் கேக்கிறதில்லை. உங்க கைக்கு வந்ததையும் எழுதுங்க.

நாலுமூலை:
அண்ணே, நான் பார்த்தது வேற ரகம். முன்பக்கம் ரெண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே அக்குமுலேட்டர். நேர் ரோட்டில் குறையே சொல்ல முடியாது. திருப்பத்தில்தான் வினை. வெளிப்பக்கம் பாரம் ஏறினதும் அந்த ஆயில் டீ வழியா உள்பக்க சிலிண்டருக்கு ஓடிடும். அது அமுங்க, இது எழும்ப, வண்டி சாயும். ஆன்டி ரோல் பார் (வண்டி சாயாம இருக்கப் போடுற கம்பி) பெரிசா போட்டா சரியாகும்னு யாரோ சொல்லி, அதையும் மாத்திட்டு வந்திருந்தார் பாவம். மூலைக்கு ஒரு அக்குமுலேட்டர், மூலைக்கு ஒரு செக் வால்வு. இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தா இப்படித்தான்.

எண்ணெய்க்கை:
என்கிட்ட வந்த வண்டி, ராத்திரி நிறுத்தினா காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கி நிக்கும். டம்ப் வால்வுதான் கசியுதுன்னு அதையே மாத்தி மாத்திப் பார்த்திருக்காங்க. செக் வால்வைக் கழற்றினா, வால்வு உட்கார்ந்து மூடுற சீட்டில் டெஃப்லான் டேப் துணுக்கு! 37 டிகிரி ஃப்ளேர் பிட்டிங்குக்கு எதுக்குங்க டேப்? உலோகத்தோட உலோகம் உட்கார்ந்து அடைக்கிற இடம் அது. சந்தேகம் வந்தா டம்ப்பின் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி டப்பாவில் விட்டுப் பாருங்க. சொட்டினா டம்ப். சொட்டலைன்னா செக் வால்வு, இல்லேன்னா சிலிண்டர் சீல். வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் இருக்கக் கூடாது.

பார்கணக்கு:
நைட்ரஜன் அளவு பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். "கட்டையா இருக்கு, கேஸைக் குறைச்சு விடுங்க" என்று ஒரு நண்பர் வந்தார். குறைத்தால் இன்னும் கட்டையாகும் என்றால் நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

25 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டருக்குப் பரப்பு சுமார் 4.9 சதுர செ.மீ. அதன் மேல் 400 கிலோ உட்கார்ந்தால் ஆயிலில் ஏறத்தாழ 80 பார் (அழுத்த அளவு). இதைத் தீர்மானிப்பது பாரம். நைட்ரஜனுக்கு இதில் வேலை இல்லை. அரை லிட்டர் அக்குமுலேட்டரில் 40 பார் அடைத்திருந்தால், 80 பாரில் அது கால் லிட்டராகச் சுருங்கிவிடும். 60 பார் அடைத்திருந்தால் 0.375 லிட்டர் மிஞ்சும். மிஞ்சுகிற வாயு அதிகமானால்தான் மென்மை. அதற்காக 80-ஐத் தாண்டி அடைத்தால் வண்டி நிற்கும்போது உள்ளே ஆயிலே போகாது, போட்டும் போடாத கதைதான்.

அவர் வண்டியில் நாலு மூலைக்கும் ஒரே அளவு அடைத்திருந்தார்கள். முன்பக்க சிலிண்டர் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) நடுவில் இருந்தால் சக்கரத்தின் பாரம் ரெட்டிப்பாக அதன் மேல் வரும். சக்கரத்தில் 400 கிலோ என்றால் ஆயிலில் 160 பார்! பின்பக்க அளவு அங்கே எடுபடுமா? அளக்கும்போது வண்டியை முழுக்க இறக்கி, ஆயில் அழுத்தம் பூஜ்யமான பிறகே கேஜ் வையுங்கள். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜன் பக்கம் போய்விடாதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

மென்மையானதும் அடுத்த புகார்: வண்டி ஆடிக்கொண்டே இருக்கிறது. ஷாக் அப்சார்பரைக் கழற்றி எறிந்திருந்தார்கள். 1955-இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரில், கேஸ் கோளத்தின் கழுத்திலேயே ஆட்டத்தை அடக்கும் டாம்பர் வால்வு உண்டு. சும்மா வைக்கவில்லை. சிலிண்டருக்கும் அக்குமுலேட்டருக்கும் நடுவில் நீடில் வால்வு (ஆயில் போகும் வழியைக் குறுக்குவது) போட்டு ஒப்பேற்றலாம்தான், ஆனால் மெதுவான ஆட்டத்தை விட்டுவிடும், திடீர்க் குழியில் முரட்டடி அடிக்கும். எனக்கு அதில் பிடித்தம் இல்லை.

புதுசுவிட்ச்:
ப்ரோ, எனக்கு ஓட்டவும் வேணும், சுவிட்ச் தட்டி வண்டியைக் குதிக்க வைக்கவும் வேணும். அக்குமுலேட்டர் இருந்தா குதிக்காதுன்றாங்களே?

பம்புக்காரன்:
உண்மைதான் தம்பி. பம்பு தள்ளுற ஆயில்ல ஒரு பங்கு நைட்ரஜனை அமுக்கவே போயிடும், சிலிண்டருக்கு உதை கிடைக்காது. அக்குமுலேட்டர் வாயில் பால் வால்வு (ball valve, கையால திறந்து மூடுறது) போடுங்க. ஓட்டும்போது திறந்து, குதிக்கும்போது மூடி.

அதில் ஒரு கண்ணி இருக்கு. ஒருத்தர் வண்டி உயரமா நிக்கும்போதே பால் வால்வை மூடிட்டு, அப்புறம் டம்ப் பண்ணி இறக்கிட்டார். சிலிண்டர் காலி, அக்குமுலேட்டர் உள்ள மட்டும் முழு அழுத்தம். வேறொருத்தர் சக்கரத்துப் பக்கத்தில் குனிஞ்சு அந்த வால்வைத் திறந்தார். பம்பு ஓடலை, பேட்டரி வயரே கழற்றிக் கிடக்கு, வண்டி சட்டுனு எழும்பிடுச்சு. முகத்தைப் பின்னால இழுத்துக்கிட்டதால் தப்பினார். முதல்ல திறந்து வச்சே டம்ப் பண்ணுங்க, அப்புறம் மூடுங்க. பிட்டிங் கழற்றுறதுக்கு முன்னாடியும் இதே வரிசைதான்.

புதுசுவிட்ச்:
பால் வால்வு வீட்டுத் தண்ணிக்குழாய்க்குப் போடுறது ஒண்ணு கையில இருக்கு, அது தாங்குமா?

எண்ணெய்க்கை:
தாங்காது. குதிக்கும்போது அழுத்தம் நிக்கிறதைவிடப் பல மடங்கு ஏறும். உடம்பிலேயே பார் அளவு பொறிச்சிருக்கிற ஹைட்ராலிக் ஸ்டீல் வால்வா வாங்குங்க. உள் துளையும் ஹோஸ் அளவுக்கு இருக்கணும், சின்னதா இருந்தா மறுபடியும் கட்டைதான்.