களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் ஓடும் முகாம் டிரெய்லருக்கு எந்த அச்சு பொருந்தும்?

கேள்வி – மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். பொலீரோவின் பின்னால் இழுத்துச் செல்வதற்காக, மேலே கூடாரம் விரிக்கும் ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றைக் கட்டி வருகிறேன். 100 லிட்டர் தண்ணீர், அடுப்பு, படுக்கை எல்லாம் ஏற்றிய பின் மொத்த எடை 650 கிலோவைத் தாண்டாது. வெண்ணாற்றங்கரை, வயலோர வண்டிப்பாதைகள், கொள்ளிடத்து மணல், வேதாரண்யம் பக்கத்து உப்பு மண் ஆகியவைதான் அது ஓட வேண்டிய இடங்கள். பட்டறைக்காரர் பழைய சரக்கு வண்டியின் பின் அச்சை அப்படியே மாட்டித் தருவதாகச் சொல்கிறார். எனக்கோ டார்ஷன் எனப்படும் ரப்பர் அச்சின் மீது விருப்பம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் – தஞ்சாவூர்

ரப்பர் அச்சில் ஸ்பிரிங் பட்டையும் இல்லை, இணைப்புகளில் தேயும் புஷ் என்ற வளையமும் இல்லை, சத்தமும் குறைவு. சதுரக் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் தண்டுகள் நசுங்கி அதிர்வை வாங்கிக்கொள்வதால், தார்ச்சாலையில் மிக மென்மையாக ஓடும். விலை ஒரு தடையில்லை என்றால் அதையே வாங்குங்கள்.

பதில் – திருத்துறைப்பூண்டி

தம்பி, மேலே ஐயா சொன்னது தார்ச்சாலைக்குச் சரி. ஆனால் ரப்பர் தளர்ந்துவிட்டால் அச்சையே மாற்ற வேண்டியிருக்கும். உப்பு நீர் குழாய்க்குள் புகுந்து உள்ளிருந்து துருப்பிடித்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்தால், டிராக்டர் பழுது பார்க்கும் எந்தப் பட்டறையிலும் அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். நம் பகுதிக்கு ஸ்பிரிங் வைத்த நேர் அச்சே ஏற்றது என்பது என் கருத்து.

அதற்காகச் சரக்கு வண்டியின் பின் அச்சை ஒருபோதும் ஏற்காதீர்கள். நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தளிக்கும் பல்சக்கரப் பெட்டி, தேவையற்ற எடை என்பது ஒருபுறமிருக்க, அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் ஆழமாகத் தடம் பதித்த களிமண் பாதையில் அது நடுமேட்டை ஏர்க்கொழு போல உழுதுகொண்டே வரும். இழுக்கும் வண்டிதான் திணறும். ஒரு டன் தாங்கும் எளிய குழாய் அச்சு உங்களுக்குப் போதும். அச்சு வலுவாக இருக்கட்டும், ஸ்பிரிங் மட்டும் சுமைக்கு ஏற்ப மென்மையாக இருக்க வேண்டும். "உறுதிக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போடுகிறேன்" என்று பட்டறையில் அன்போடு சொல்வார்கள். சம்மதித்தால் 650 கிலோ வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளி, சட்டத்தின் பற்றவைப்பு விரிசல் விடும்.

ஸ்பிரிங்கை அச்சின் மேல் அமர்த்தச் சொல்லுங்கள். கீழே கட்டுவதைவிட, அச்சின் தடிமனும் பட்டைக்கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்குச் சட்டம் உயரும். அச்சின் அடியில் உள்ள இடைவெளியோ டயரின் விட்டத்தால் மட்டுமே கூடும். எனவே பொலீரோவின் அதே டயரையும், அதே போல்ட் அமைப்புள்ள ஹப்பையும் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) போட்டுவிட்டால் ஸ்டெப்னி இரண்டுக்கும் பொதுவாகிவிடும். இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் ஒன்றாக இருந்தால் டிரெய்லர் வண்டியின் தடத்திலேயே வரும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. சரக்கு வண்டி அச்சை விட்டுவிட்டேன். வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் சக்கரம் நீரில் மூழ்கினால் பேரிங்குக்கு என்ன பாதுகாப்பு?

பதில் – திருத்துறைப்பூண்டி

நெடுந்தூரம் ஓடிய ஹப் சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் இறக்கியவுடன் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலைத் தாண்டி நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையால் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்த பிறகு இறக்குங்கள். படகு டிரெய்லர்களுக்கான நீர் புகாத கிரீஸையே நிரப்பச் சொல்லுங்கள். நீரில் இறங்கி வந்த பிறகு மூடியைத் திறந்து, கிரீஸ் பால் நிறமாக மாறியிருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறியலாம். அப்போது பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் அடைத்து, சீலையும் மாற்ற வேண்டும். உப்பு மண்ணில் ஓடி வந்தால் அன்று மாலையே ஸ்பிரிங், அதன் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள், அதை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட் அனைத்தையும் நல்ல நீரால் கழுவிவிடுங்கள்.

பதில் – தஞ்சாவூர்

உப்பு மண் செய்தியை நான் கவனிக்கவில்லை, ஸ்பிரிங்கே சரி. ஸ்பிரிங் தாங்கிகளைச் சட்டத்தோடு பற்றவைக்கும் முன், சுமை முழுவதையும் ஏற்றி முன்கொக்கியை எடை போடுங்கள். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 65 முதல் 97 கிலோ, கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் அச்சைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள். இல்லையேல் நெடுஞ்சாலையில் டிரெய்லரின் வால் ஆடும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பியும் காலி செய்தும் இரு முறை பாருங்கள். டிரெய்லருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனிப் பதிவு வேண்டும் என்பதால், அச்சு வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.