கூட்டுக் கிணற்றுத் தகராறு: வழக்கு இல்லாமல் தீர்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் கூட்டுக் கிணற்றில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சரிபாதி உரிமை. பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே இருக்கிறது. மோட்டார் ஒன்றுதான், 5 எச்.பி. இலவச மின் இணைப்பு பெரியப்பா பெயரில். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துப் பாய்ச்சி வந்தார்கள்.

தை மாதம், அப்பாவின் முறையன்று மோட்டாரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) எரிந்துவிட்டது. "உன் முறையில போச்சு, நீயே கட்டு" என்றார் பெரியப்பா. தேய்மானம் இருவருக்கும் பொது என்பது அப்பாவின் வாதம். கடைசியில் பெரியப்பாவே செலவு செய்து பழுதுபார்த்து, ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டிவிட்டார். முருங்கை எப்படியோ தாங்குகிறது. தக்காளி பூவோடு வாடுகிறது.

அத்தை பேசிப் பார்த்தார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இருவரும் தலையாட்டினார்கள், மறுநாளே பழைய கதை. எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. பாதிச் செலவை நான் கொண்டுபோனால், "உங்கப்பன் வந்து கொடுக்கட்டும்" என்கிறார். பணம் அல்ல, மரியாதைதான் சிக்கல்.

வழக்குப் போட்டால் இழுத்துக்கொண்டே போகும், அப்புறம் நல்லது கெட்டதுக்குக்கூட முகம் பார்க்க முடியாது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் (தாலுகா அளவில் இலவச சட்ட உதவி தரும் அமைப்பு) மனு கொடுத்தால் வழக்குக்கு முன்பே கட்டணமில்லாமல் சமரசம் பேசலாம், லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பதிவாகும் உடன்பாடு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம் என்பதுவரை தெரியும். ஆனால் அங்கிருந்து நோட்டீஸ் போனாலே, "கோர்ட்டுக்கு இழுத்துட்டான்" என்று பெரியப்பா கொதிப்பார்.

இப்படிக் குடும்பத் தகராறை அங்கே கொண்டுபோனவர்கள், எதிர்த்தரப்பை மனம் நோகாமல் எப்படி வரவழைத்தீர்கள்?